ஆன்மாவின் எடை 21 கிராமா? தராசு அப்படிச் சொல்லவில்லை

‘உயிர் பிரியும் நொடியில் உடல் எடை 21 கிராம் குறைகிறது; ஆன்மா உண்டென்று எந்திரமே நிரூபித்துவிட்டது’ என்றொரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை.

இந்தக் கதை கிளம்பிய இடம், அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல் 1907-இல் வெளியிட்ட கட்டுரை. சாகும் தறுவாயில் இருந்தவர்களைக் கட்டிலோடு தராசில் ஏற்றி, தராசுத் தண்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். (நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.) மொத்தமே 6 பேர். அதில் 2 பேரின் கணக்கை அவரே ஒதுக்கிவிட்டார். 21 கிராம் என்பது ஒரே ஒருவருடையது. மற்றவர்களின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ‘அமெரிக்கன் மெடிசின்’ இதழில் வந்த கட்டுரையிலேயே இதெல்லாம் இருக்கிறது, தேடிப் படிக்கலாம்.

ஆன்மாவை நம்புவது அவரவர் விருப்பம். சரி, அதற்கு இந்தத் தராசைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாமே. உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.