மூளைச் சிப் நினைவை இறக்காது

மேலே ஒரு தம்பி, "நியூராலிங்க் சிப் வைத்தவரின் நினைவுகளைக் கணினியில் இறக்கிவிட்டார்கள், பத்து வருஷத்தில் பாம்பன் பிள்ளைகளுக்கும் படிப்பை இப்படியே ஏற்றிவிடலாம்" என்று எழுதியிருக்கிறார். பின்பாதி ஆசை, சரி. முன்பாதி நடக்கவே இல்லை. நியூராலிங்க் என்பது மூளைக்குள் சிப் வைக்கும் எலான் மஸ்க்கின் கம்பெனி.

2024 ஜனவரியில் அந்தச் சிப்பை முதலில் பொருத்திக்கொண்ட நோலண்ட் அர்பா, விபத்தில் கைகால் செயலிழந்தவர். கர்சரை நகர்த்தினார், செஸ் ஆடினார். சிப்பிலிருந்து மூளைக்குள் போகும் 64 மெல்லிய இழைகளில் 1,024 மின்முனைகள். கையை அசைக்க நினைக்கும்போது மூளையின் அசைவுப் பகுதியில் எழும் துடிப்பை அவை பிடிக்கின்றன, அவ்வளவுதான். சில வாரங்களிலேயே பல இழைகள் நழுவின. மென்பொருளை மாற்றிச் சமாளித்ததாகக் கம்பெனியே சொன்னது. இது புதுசும் இல்லை. பிரெயின்கேட் என்ற வேறொரு மூளைச் சிப் ஆய்வில், கைகால் செயலிழந்த மேத்யூ நேகலுக்கு 2004லேயே சிப் வைத்து, அவரும் கர்சரை நகர்த்தினார்.

உடம்புக்குள் தகவலை அனுப்பும் கருவி வேண்டுமா? காது கேளாதவர்களுக்குப் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் இருக்கிறதே. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். தோலுக்கடியில் ஒரு பகுதி, வெளியே காந்தத்தில் ஒட்டும் வட்டு, காதுக்குப் பின்னால் பிராசசர். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் முங்குமுன் பிள்ளையின் அம்மா அந்த வெளிப்பகுதியைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்துவிடுவார். உப்புத்தண்ணி பட்டால் செலவு யார் பார்ப்பது? கழற்றிய நேரம் பிள்ளைக்கு அலைச்சத்தம் கேட்காது. இத்தனைக்கும் அது ஏற்றுவது வெறும் சத்தம். அந்தச் சத்தம் பேச்சாகப் புரிய மாசக்கணக்கில் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது.