பாதிப் பேச்சில் விளக்கை அணைத்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்காக நடந்த பேச்சை நிர்வாகத்தார் பாதியில் நிறுத்தியது நம் பட்டணத்தில் எல்லாருக்கும் தெரியும். மூன்று நாளாக வாட்சாப் குழுக்களில் ஓடுவதைப் படித்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்து பிள்ளைகள், மூத்தவளுக்கு இருபத்திரண்டு வயது. இடைநிலைப்பள்ளி மாணவிகளை அம்மாமார்களோடு உட்கார வைத்து உடம்பைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பேசினார்கள். நாற்பதாவது நிமிஷத்தில் விளக்கும் காற்றாடியும் நின்றன. நிர்வாகத்தார் சொன்னார்கள்: "இது சாமி இருக்கிற இடம், இந்தப் பேச்செல்லாம் வெளியே வெச்சுக்குங்க." அப்போது வெள்ளைப் பலகையில் நீல மையில் பெரிதாக ஒரே ஒரு எண் இருந்தது: 72. அது என்ன என்று அந்தப் பிள்ளைகள் சொல்லி முடிக்கவில்லை. நான் சொல்கிறேன்.

ஒரு பெண்ணுக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தால் 72 மணி நேரம்தான் கையில் இருக்கிறது. கர்ப்பத்தைத் தடுக்கும் லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை அதற்குள் விழுங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறாளோ அவ்வளவு பலன். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் அந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குச் சம்பவம். சனிக்கிழமை அம்மாவும் சித்தியும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார், தலைவரைப் பார்க்கலாம், பேசி முடிக்கலாம் என்பார். திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணியோடு 72 முடிந்துபோகும். அதற்குள் அந்தப் பிள்ளையைத் தலைக்கு ஊற்றிக் குளிக்க வைத்து, போட்டிருந்த துணியையும் ஊறப் போட்டிருப்பார்கள். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் சாட்சியமெல்லாம் அந்த வாளித் தண்ணீரோடு போய்விடும்.

குளிக்க வைக்காதீர்கள். துணியைத் துவைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வந்து தடயம் கெட்டுப்போகும். நேராக அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், கவுண்டரில் "ஓ.எஸ்.சி.சி." என்று மட்டும் சொல்லுங்கள். கூட்டத்துக்கு நடுவில் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் என்பதன் சுருக்கம் அது; வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு வேண்டிய உதவியெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க, 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் வந்த ஏற்பாடு. தனி அறையில் உட்கார வைத்து டாக்டரை அங்கேயே வரவழைப்பார்கள். வைத்தியம்தான் முதலில். போலீஸ் புகார் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை.

இதைத்தான் அந்தப் பிள்ளைகள் சொல்ல வந்தார்கள்.

"இதெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்கிறீர்கள். எதைச் சொன்னதால்? 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் சரி என்று சொல்லியிருந்தாலும் நம் மலேசியச் சட்டப்படி அது பாலியல் வல்லுறவு என்று சொன்னதாலா? கைப்பேசியில் தப்பான எண்ணத்தோடு பிள்ளைகளிடம் இனிக்க இனிக்கப் பேசி வசப்படுத்துவதே 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டப்படி குற்றம் என்று சொன்னதாலா? இது தெரிந்தால் பிள்ளைகளை நெருங்குகிற ஆள்தான் பயப்படுவான். நம் பிள்ளை எப்படிக் கெடுவாள், சொல்லுங்கள்.

"கருக்கலைப்பு மாத்திரை விளம்பரம்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, அந்த மாத்திரை கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது. தங்கிய கருவை அது ஒன்றும் செய்யாது. தெரியாமல் எழுதியிருப்பீர்கள். ஆனால் அதைப் படித்த எத்தனை அம்மாக்கள் நாளைக்கு அந்த மாத்திரையை வேண்டாம் என்பார்கள்?

ஆண்பிள்ளைகளை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டவர் சரியாகத்தான் கேட்டார். அடுத்த முறை கூப்பிட வேண்டும்.

வெட்கம், வெட்கம் என்கிறீர்களே. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பாட்டிமார் இதே தோட்டங்களில் மருந்தடித்தவர்கள். முதுகில் பம்பைச் சுமந்து, வெறுங்கையால் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் கலக்கி, வயிற்றில் பிள்ளையோடும் போனார்கள். மூக்கில் ரத்தம் வந்தது, நகம் நிறம் மாறியது. 2002இல் தெனாகானிதா என்ற பெண்கள் உரிமை அமைப்பு அந்தப் பெண்களைச் சந்தித்து அறிக்கை வெளியிட்டது. அந்த மருந்துக்கு முழுத் தடை வந்தது 2020இல்தான். அத்தனை வருஷம் அவர்கள் உடம்பைப் பற்றி வாய் திறந்து பேச நம் மண்டபங்களில் ஒரு நாள் இடம் கொடுத்தோமா? அப்போதும் "பொம்பளைங்க சமாச்சாரம்" என்றுதான் ஒதுக்கினோம். இப்போது பேத்திகளுக்கும் அதையே சொல்கிறோம். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

கோயிலின் மேல் உங்களுக்கு இருக்கிற பக்தியை நான் குறை சொல்லவில்லை. அந்த ஐந்து பிள்ளைகளும் காலையில் வந்து மண்டபத்தைக் கூட்டிக் கழுவிவிட்டுத்தான் நாற்காலி போட்டார்கள். பேச்சை நிறுத்தச் சொன்னதும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

அம்மாமார்களே, தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். கைப்பேசியில் வேறு ஏதாவது பெயரில் சேர்த்து வையுங்கள்.

நிர்வாகத்தாரே, அந்த வெள்ளைப் பலகை இன்னும் உங்கள் சாமான் அறையில் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டு வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுங்கள். எழுதியிருப்பதை அழிக்காமல் கொடுங்கள்.