கேமரா வாங்கினதுக்குக் கணக்கு இருக்கு, ஓடுறதுக்கு?

எங்கள் பக்கம் இப்போது ஊர் முகப்புக்கு முகப்பு கண்காணிப்புக் கேமரா நிற்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் தாய், தகப்பன், மகன் என்று மூன்று பேரையும் கொன்று போட்டார்கள். அரை வருடம் கழித்து சிவகிரி பக்கம், தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி. அப்பா அம்மாவைத் தோட்டத்துச் சாளையில் விட்டுவிட்டு கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் ராத்திரி போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஆளாளுக்குக் காசு போட்டோம். வசதியுள்ளவர்கள் ஒரு கம்பத்துச் செலவைத் தனியாகவே ஏற்றுக்கொண்டார்கள். போலீஸ் அதிகாரிகள் வந்து திறந்து வைத்தார்கள், டீ குடித்தார்கள், போட்டோ பேப்பரில் வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

இப்போது அந்தக் கம்பத்தைப் போய்ப் பாருங்கள். 'உபயம்' என்று பெயர் எழுதிய பலகை பளபளவென்று இருக்கிறது. கேமராவுக்கு மேலே குளவி கூடு கட்டியிருக்கிறது. ஒயர் போய்ச் சேருகிற மளிகைக்கடையில், மிளகாய் மூட்டைக்கு மேலே ஒரு பெட்டி. அதில் பச்சை விளக்கு எரிந்தால் பதிவாகிறது என்று அர்த்தம் என்றுதான் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எரிகிறது. ஆனால் நான்கு கேமராவில் எத்தனை தெரிகிறது என்று பார்க்க அங்கே டிவி இல்லை. கரண்ட் அவர் கடை மீட்டரில் ஓடுகிறது. இதுவரை யாரும் அவரிடம் பில் எவ்வளவு என்று கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவன். அதனால் என் புத்தி காகிதத்தில்தான் போகும். அரசு மானியம் வாங்கினால் 'பயன்பாட்டுச் சான்றிதழ்' கொடுக்க வேண்டும், எல்லோரும் யூசி என்பார்கள். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, மிச்சம் எவ்வளவு என்று கட்டங்கள். கீழே, பயன் சேர வேண்டியவர்களுக்குச் சேர்ந்தது என்று ஒரு வரி, பலன்கள் இணைப்பில் உள்ளன என்று இன்னொரு வரி. பெரும்பாலானவர்கள் கட்டத்தில் உள்ள எண்களை ராத்திரி கண் விழித்துச் சரிபார்ப்பார்கள். அந்த இணைப்பை போன வருடத்துக் கோப்பிலிருந்து எடுத்து தேதியை மட்டும் மாற்றுவார்கள். யூசி பாக்கி கிடக்கிறது என்று தணிக்கைத் துறையும் வருடா வருடம் அறிக்கையில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது.

இதே விஷயத்தை அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்தேன். அங்கே நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் காப்ஸ் என்று ஓர் அலுவலகம். 1994 குற்றத் தடுப்புச் சட்டத்துக்குப் பின் வந்தது. தெருக்களில் கூடுதலாக 1 லட்சம் போலீஸை இறக்குவோம் என்பது அப்போதைய அதிபர் கிளிண்டன் கொடுத்த வாக்கு. சமூகத்தோடு சேர்ந்து காவல் பார்க்க ஊர்களுக்குப் பணம் தருகிறார்கள். புதிதாக ஒரு போலீஸ்காரரைச் சேர்த்தால் மூன்று வருடச் சம்பளத்தில் 75 சதவீதம் வரை, அதிகபட்சம் 1,25,000 டாலர். மீதியை ஊர் போட வேண்டும்.

காசு வாங்கினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி அறிக்கை, காலாண்டு முடிந்து 30 நாளைக்குள். அது போக வேலை எவ்வளவு நடந்தது என்று தனியாக முன்னேற்ற அறிக்கை. தவறினால் பணத்தை நிறுத்தி வைத்துவிடுவார்கள். இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை, கெடு வைக்க நமக்கும் தெரியும்.

என்னை நிறுத்திப் படிக்க வைத்தது இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஏற்கெனவே ஊர் பட்ஜெட்டில் இருக்கிற செலவை மானியத்தின் தலையில் கட்டிவிட்டு, மிச்சமான காசை வேறு பக்கம் திருப்பக் கூடாது. இரண்டு, மானியம் தீர்ந்த பிறகும் குறைந்தது 12 மாதம் அந்தப் போலீஸ் வேலையைச் சொந்தக் காசில் வைத்திருக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று விண்ணப்பம் போடும்போதே யோசித்தாக வேண்டும்.

உடனே அமெரிக்கா சொர்க்கம் என்று கிளம்பிவிடாதீர்கள். இந்த இரண்டு இடத்திலும் பல ஊர்கள் வழுக்கியதாக 1999-ல் அவர்களுடைய தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகமே தணிக்கையில் சொன்னது. பத்துப் பதினைந்து போலீஸ் மட்டுமே உள்ள சின்ன ஊரில் இந்த அறிக்கைகளை யார் எழுதுவது என்பதும் நியாயமான கேள்விதான். ரோந்து போக வேண்டியவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மானியம் எதற்கு?

ஆனாலும் அந்தப் பன்னிரண்டு மாத நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. 'காசு தீர்ந்ததும் யார் கட்டுவார்கள்?' என்ற கேள்வியை அது முதல் நாளே கேட்டுவிடுகிறது. நம் கேமராவுக்கு அதை யாரும் கேட்கவில்லை. வாங்குவதற்கு நூறு கை நீளும், ஹார்டு டிஸ்க் போனால் ஒரு கை கூட நீளாது. இதில் அரசை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கள் ஊர் போட்டது சொந்தக் காசு. மாரியம்மன் நோன்பு முடிந்ததும் பூசாரி சம்பளம் முதல் சவுண்டு செட் வாடகை வரை வரவு செலவை நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிற ஊர், கேமராவுக்கு மட்டும் ஏன் விட்டுவிட்டது?

மக்கள் போலீசோடு சேர்ந்து காவல் பார்ப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1993-ல் ராமநாதபுரத்தில் போலீஸ் அதிகாரி பிரதீப் பிலிப் ஆரம்பித்த 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப் போன அப்பாவும் மகனும் இறந்த பிறகு அதற்குத் தடை வந்தது. இத்தனை வருடத்தில் அவர்கள் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்று ஊருக்கு ஊர், ஊர் மக்களே படிக்கிற மாதிரி ஒரு தாள் இருந்திருந்தால், நல்லது செய்தவர் யார், அதிகாரம் காட்டியவர் யார் என்று அந்தந்த ஊருக்காவது பிரித்துப் பார்க்க முடிந்திருக்கும்.

எனக்கு வேண்டியது அறுபது பக்க அறிக்கை இல்லை. ஒரே தாள். எத்தனை கேமரா ஓடுகிறது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது, போலீஸ் எத்தனை தடவை பதிவு கேட்டார்கள், கரண்ட்டும் ரிப்பேரும் யார் செலவு. தோட்டத்துப் பக்கம் ரோந்து வருகிறவர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் இருக்கிறதே, அதிலிருந்து மாதத்துக்கு எத்தனை கையெழுத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் படித்துவிட்டு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினால் போதும். திருடனுக்குத் துப்புக் கொடுத்த மாதிரி ஆகாதா என்று ஒரு மாமா கேட்டார். எந்தக் கேமரா ஓடவில்லை என்று எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

நவம்பர் 1 கிராம சபைக்கு முதல் தாளைத் தயார் செய்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் மளிகைக்கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து நீட்டினார். கேமரா வைத்த மாதத்திலிருந்து கட்டிய கரண்ட் பில் அத்தனையும் அதில் இருந்தது. "கேப்பீங்கன்னுதானுங்க எடுத்து வெச்சிருந்தேன்" என்றார்.