வக்கீல் வரவில்லை என்றால்?

போன ஞாயிற்றுக்கிழமை அரூரில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் தென்பகுதி, கறுப்பர் மேல் பொய் வழக்கு, அவருக்காக வாதாடும் நல்ல வெள்ளைக்கார வக்கீல். நாங்கள் உருகிக்கொண்டிருந்தபோது டீ கொண்டுவந்த நண்பரின் அம்மா கேட்டார்: "ஏப்பா, அந்த வக்கீலு வரலன்னா அந்த சனங்க கையக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களா?"

நாலு பேரும் டீயைக் குடித்தோம்.

உட்கார்ந்திருக்கவில்லை அம்மா. அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் கறுப்பின மக்கள் டவுன் பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நடந்தே போனார்கள். கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆள் ஏற்றினார்கள். எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நமக்கோ, வெள்ளைக்காரருக்கு பஸ் இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதாகி இந்தப் புறக்கணிப்புக்குக் காரணமான ரோசா பார்க்ஸ் என்ற ஒரே பெயர்தான் தெரியும். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, பஸ்ஸில் இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினுக்கு வயது 15. சின்னப் பெண், முன்னால் நிறுத்தினால் எடுபடாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். ஆனால் பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கைத் தொடுத்த பெண்களில் அவரும் ஒருவர். போராடியவர்களுக்குள் ஓடிய இந்தக் கணக்கையும் எழுதினால்தான் கதைக்கு உயிர் வரும் என்பது என் கட்சி.

வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. வாச்சாத்தி இதே அரூர்ப் பக்கம்தானே! 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களுக்கு நடந்த பாலியல் கொடுமை ஊரறிந்தது. தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-ல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் துணை நின்றன, வக்கீல்களும் வாதாடினார்கள். இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம் யாராவது இதை நாவலாக எழுதினால் ஒரே ஒரு வேண்டுகோள். வக்கீலின் கார் ஊருக்குள் நுழைவதில் ஆரம்பிக்காதீர்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு, இன்னொரு வாய்தாவுக்காக ஒரு பெண் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறாளே, அங்கே ஆரம்பியுங்கள்.