கத்திரி வெயிலுக்கு முன்னாடி ஐபிஎல் மெஷின் வாங்கலாமான்னு கேக்கற தோழிகளுக்கு

மார்ச் மாசம் வந்தாலே போன்ல எதைத் திறந்தாலும் ஐபிஎல் (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்), அதான் வெளிச்சத்தை அடிச்சு முடி எடுக்கற மெஷின் விளம்பரம்தான். நல்ல வெள்ளைத் தோல் இருக்கற ஒரு பொண்ணு காலை நீட்டி உக்காந்து மெஷினை வச்சு வச்சு எடுப்பா, பளிச் பளிச்னு வெளிச்சம் வரும், வலியே இல்ல, இனிமே பார்லரே வேணாம்னு முடிச்சிடுவாங்க. என்கிட்ட நிறைய பேர் வாங்கலாமா வேணாமான்னு கேட்டுட்டீங்க, நானும் ஒரு மெஷினை கொஞ்ச நாளா யூஸ் பண்றேன், அதனால தெரிஞ்சதை எல்லாம் இங்கயே கொட்டிடறேன். மெஷின் வேலை செய்யுது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நம்ம ஊர்ல நல்ல கருப்பா இருக்கறவங்களுக்கு அது ஒத்துக்காது, இந்த விஷயத்தை பெட்டிக்குள்ள மடிச்சு வச்ச பேப்பர்ல பொடி எழுத்துல போடாம விளம்பரத்துலயே முதல்ல சொல்லணும், அதுவும் தமிழ்ல சொல்லணும்ங்கறது என் உறுதியான கருத்து.

ஏன் ஒத்துக்காதுன்னா, முதல்ல இது லேசரே இல்ல. கேமராவுல ஃபிளாஷ் அடிக்கற அதே வகை செனான் விளக்குதான் உள்ள இருக்கு. அந்த வெளிச்சத்தை முடியில இருக்கற மெலனின், அதான் கருப்பு நிறமி, இழுத்துக்கும், முடி சூடாகும், அந்த சூடு வேர் வரைக்கும் இறங்கி திரும்ப முளைக்கறதைக் குறைக்கும். அந்த நேரத்துல வளர்ந்துட்டு இருக்கற முடிக்குத்தான் இது நல்லா வேலை செய்யும், எல்லா முடியும் ஒரே சமயத்துல வளராதுங்கறதால ஆரம்பத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு மாசக்கணக்குல விடாம பண்ணணும். சரி, அதே மெலனின்தானே நம்ம தோல்லயும் இருக்கு? தோல் வெளுப்பா முடி கருப்பா இருந்தா வெளிச்சம் முடியைத் தேடிப் போயிடும், தோலே கருப்பா இருந்தா தோலும் சேந்து சூட்டை வாங்கும், சிவந்து கொப்பளம் வரலாம், ஆறின பிறகும் கருந்திட்டு மாசக்கணக்குல போகாது. நரைச்ச முடியில மெலனினே இல்ல, அதுல இது சுத்தமா எடுபடாது.

பெட்டில ஒரு நிற அட்டை குடுப்பாங்க பாருங்க, அதுக்கு அடிப்படை 1975ல ஃபிட்ஸ்பாட்ரிக்ங்கற அமெரிக்க தோல் டாக்டர் வெயில்ல யாருக்கு தோல் எரியுது யாருக்கு கருக்குதுன்னு பாத்துப் பிரிச்ச வகைகள்தான். அவர் முதல்ல வெள்ளைத் தோலை மட்டும்தான் பிரிச்சார், மாநிறம் தாண்டின அஞ்சாவது ஆறாவது வகை எல்லாம் அப்புறம் சேத்தது. நம்ம ஊர்க்காரங்க பெரும்பாலும் நாலுலருந்து ஆறுக்குள்ளதான் வருவோம். வீட்டு மெஷின்ல நிறைய நாலோட நின்னுடும், சிலது அஞ்சு வரைக்கும் போகும், ஆறுக்கு பெரும்பாலும் வேணாம்னுதான் போட்டிருக்கும். இதுல உங்க நிறத்து மேல ஒரு குறையும் இல்ல, உங்களை மனசுல வச்சு அந்த மெஷினைச் செய்யல, அவ்வளவுதான்.

என் கதைக்கு வரேன். நான் மாநிறம். அக்குள்லயும் முழங்காலுக்குக் கீழயும் நல்ல பலன், அடர்த்தி குறைஞ்சு இடைவெளி விட்டு விட்டுத்தான் முளைக்குது, இப்ப ஸ்லீவ்லெஸ் போட முன்ன மாதிரி யோசிக்கறதில்ல. ரப்பர் பேண்டை சுண்டி விட்டா எப்படி இருக்குமோ அவ்வளவுதான் வலி. ஆனா முழங்கைக்குக் கீழ மெஷின் அடிக்கவே மாட்டேன்னுடுச்சு, ஸ்கூட்டி ஓட்டி ஓட்டி வெயில்ல கருத்த கை, சென்சார் அதைப் பாத்துட்டு விளக்கை நிறுத்திடுது. அது நல்லதுக்குத்தான் நிக்குது, அங்க இங்க சாய்ச்சு எப்படியாவது அடிக்க வைக்கலாம்னு பாக்காதீங்க. சென்சாரே இல்லாத பேர் தெரியாத சீப் மெஷினும் வருது, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க.

அப்புறம் சம்மருக்குன்னு சம்மர்ல வாங்கறது. வெயில் பட்டு கருத்த தோல்ல இதை அடிக்கக் கூடாது, அடிச்ச பிறகும் கொஞ்ச நாள் வெயில் படக் கூடாது, சன்ஸ்க்ரீன் போட்டே ஆகணும். மே மாசம் கத்திரி வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கறவங்க இதை எப்படிப் பண்ணுவாங்க? ஐப்பசி கார்த்திகை மழையில ஆரம்பிங்க, பங்குனி வரதுக்குள்ள பலன் தெரியும். விளம்பரமோ வெயில் காலத்துலதான் குமியுது, எனக்கு நிஜமாவே கோவம் வருது.

இன்னொண்ணு, அடிக்கறதுக்கு முன்னாடி ஷேவ் பண்ணணும், வேக்ஸிங் த்ரெட்டிங் பண்ணக் கூடாது, ஏன்னா வேரோட பிடுங்கிட்டா சூடு இறங்க முடியே இருக்காது. கத்தி வச்சா முடி தடிப்பா வரும்னு எங்க வீட்லயும் பெரியவங்க தடுத்தாங்க, அப்படி எல்லாம் இல்ல, வெட்டின முனை மழுங்கி இருக்கறதால தடவும்போது முரடா தெரியுது, அவ்வளவுதான்.

முகத்துக்கு மட்டும் ரொம்ப யோசிங்க. தாடையில கெட்டியா முடி வருது, பீரியட்ஸும் தள்ளித் தள்ளிப் போகுதுன்னா அது பிசிஓஎஸ்ங்கற ஹார்மோன் கோளாறா இருக்கலாம், முதல்ல டாக்டரைப் பாருங்கம்மா, ஹார்மோனைக் கவனிக்காம மேல மேல வெளிச்சம் அடிச்சா முடி திரும்பத் திரும்ப வந்துட்டேதான் இருக்கும். சில பேருக்கு அடிச்ச இடத்தைச் சுத்தி புதுசா முடி வளர்றதும் உண்டு, அதுவும் முகத்துலயும் கருத்த தோல்லயும்தான் அதிகமா பாக்கறாங்க. மச்சம், பச்சை குத்தின இடம் மேல அடிக்காதீங்க, மாசமா இருக்கறவங்க வேணவே வேணாம், பருவுக்கு மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

ஆயுசுக்கும் முடி வராதுங்கறதையும் நம்பாதீங்க. அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ கூட இந்த மாதிரி வெளிச்ச சிகிச்சைக்கு முடி நிலையா குறையும்னு சொல்லத்தான் விடுது, அடியோட போயிடும்னு சொல்ல விடல. நிறுத்திட்டா மெதுவா திரும்ப வரும், அப்பப்ப அடிச்சிட்டே இருக்கணும்.

நல்ல கருப்பா இருக்கற தோழிகளே, காசு சேத்து வச்சு கிளினிக்குக்கே போங்க, அங்க 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள என்டியாக் (Nd:YAG) லேசர் இருக்கான்னு கேளுங்க, அது தோல் மேல இருக்கற மெலனின்ல அதிகம் சிக்காம ஆழமா இறங்கும், நம்ம நிறத்துக்கு அதுதான் பாதுகாப்பு. அதுக்கு வசதி இல்லன்னா ஒரு ட்ரிம்மர் போதும். எதுவும் பண்ணாம அப்படியே விட்டாலும் சரிதான், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. மாநிறமா இருந்து வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா நிற அட்டையை டியூப்லைட்ல பாக்காம பகல் வெளிச்சத்துல தோல் பக்கத்துல வச்சுப் பாருங்க, இருக்கறதுலயே குறைஞ்ச லெவல்ல சின்ன இடத்துல ஒண்ணு அடிச்சிட்டு மறுநாள் வரைக்கும் விட்டு வைங்க, சிவப்பு எரிச்சல் எதுவும் இல்லன்னா மட்டும் மேல போங்க.