மேலாப்புல ஒரு கோட்டு அடிச்சா முடிஞ்சுபோச்சாம்!

கதவில் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும் மனுசனைக் கண்டால் ஊருக்கே வாய் அரிக்கும் போல. தெருவில் போகிறவர்களில் ஒருத்தர் பாக்கியில்லை. "எதுக்குப்பா இந்தப் பாடு, மேலாப்புல ஒரு கோட்டு அடிச்சுட்டுப் போ." பால்காரர் சொல்கிறார். கேஸ் போட வந்த தம்பி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே சொல்கிறான். சரி, வாய் இருக்கிறது, சொல்லட்டும். சொன்னதோடு நிற்காமல் அடித்தும் விட்டுப்போனால் என்ன செய்வது?

சோழவந்தானில் தாத்தா கட்டிய வீடு, பர்மா தேக்குக் கதவு. முதலில் பச்சை, அதன் மேல் வானநீலம், அதற்கும் மேல் சாக்லேட் கலர். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒவ்வொரு புண்ணியவான் வந்து, பழசைச் சுரண்டாமல், தூசியைக்கூடத் தட்டாமல் எனாமலை அப்பிவிட்டுப் போயிருக்கிறான். நீலத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் ஒரு கொசு, காலைப் பரப்பியபடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக்கூடத் தட்டிவிட நேரமில்லாத அளவுக்கு என்ன அவசரமோ! நிலைக்கு மேலே கஜலட்சுமி. இரண்டு பக்கமும் நின்ற யானைகள் பெயிண்ட் ஏற ஏறத் தும்பிக்கை மூடிப்போய்ப் பன்றிகளாகிவிட்டன.

"மிஷினைப் போட்டுத் தேய்ச்சுரு" என்றார்கள். அடேய், அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கே வந்தது. வறட்டுத் தேய்ப்பு தேய்த்தால் அந்தத் தூள் பிள்ளைகள் நுரையீரலுக்குள்தான் போகும். "சோடாக் காரத்தைக் கரைச்சு ஊத்து" என்றார் மாமா. ஊற்றினால் பெயிண்ட் போகும்தான், கூடவே தேக்கும் கறுத்துவிடும்.

ஆக, பெயிண்டை இளக்கி எடுக்கும் ரிமூவர். அது லேசுப்பட்ட சாமான் இல்லை. ஒரே பக்கமாகத் தடிமனாக அப்ப வேண்டும், திருப்பித் திருப்பித் தேய்க்கக் கூடாது. அதில் கலந்திருக்கும் மெழுகு மேலே ஏடு கட்டினால்தான் மருந்து ஆவியாகாமல் உள்ளே இறங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு ஏடு கட்டுவதற்குள்ளேயே காய்ந்துவிடுகிறது, அதனால் பாலிதீன் தாளைப் போர்த்த வேண்டும். தோலில் பட்டால் மிளகாயை அரைத்துப் பூசிய எரிச்சல். அப்புறம் பெயிண்ட் சுருங்கிப் பொருக்குத் தட்டும், பட்டித் தகட்டால் வழித்தெடுக்கலாம். தகடு நுழையாத தும்பிக்கை இடுக்கில் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு, பல்லுக்குக் குத்துகிற மாதிரி குத்திக் குத்தி எடுத்தேன். ஒரு யானை மறுபடியும் யானை ஆனது. ஒரு கதவு முழுக்கத் தேக்கு ரேகை தெரிந்தது.

இனி தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. எண்பதாம் நம்பர் கையில் இருந்தது, அதற்கடுத்து இன்னும் நைசான நூற்றிருபது வேண்டும். உள்ளூர்க் கடைக்காரர் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "எண்பதையே மெதுவாத் தேய்ங்கண்ணே, நூத்திருபது ஆயிரும்." அவரோடு என்ன பேசுவது? பஸ்ஸைப் பிடித்து மதுரைக்குப் போனேன்.

போன நேரத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் நூறு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மாமா வருகிறார். வாயில் வெற்றிலை. கதவைப் பார்க்கிறார், உச்சுக் கொட்டுகிறார். போனை எடுக்கிறார். பெயிண்டர் வருகிறார். எனக்கு ஒரு மாசமாகப் போனை எடுக்காத அதே பெயிண்டர்! மாமா கூப்பிட்டால் மட்டும் பிரஷ்ஷோடு பறந்து வருகிறார். தின்னர் போட்டுத் துடைத்தாரா? இல்லை. பிரைமர்? அதெல்லாம் எதுக்கு. டப்பாவைத் திறக்கிறார். சாக்லேட் கலர்! உலகத்தில் வேறு கலரே கிடையாதா? ரேகை தெரிந்த தேக்கின் மேல் ஒரே இழுப்பு. என் யானையின் தும்பிக்கை மேல், குச்சியால் குத்திக் குத்தி மீட்ட தும்பிக்கை மேல், இன்னொரு இழுப்பு.

உப்புத்தாளோடு வந்து நிற்கிறேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

"மாப்ள, நீ படுற பாட்டைப் பார்க்கச் சகிக்கலடா. திருவிழாவுக்கு ஆள் வர்ற நேரத்துல வாசல் இப்படியா இருக்கும்? அதான் முடிச்சுவிட்டேன். கூலியும் நானே குடுத்துட்டேன்."

கூலியும் அவரே! திட்டக்கூட வழி இல்லாமல் பண்ணிவிட்டார். என் வீட்டில் இருக்கிறவர்களோ, "பரவால்லையே, பளிச்சுனு இருக்கே" என்கிறார்கள். பளிச்சென்றுதான் இருக்கும். ஏனென்றால் அது காயவில்லை. காயவும் காயாது. ரிமூவர் மெழுகைத் துடைக்காமல் அதன் மேல் எனாமல் அடித்தால் பிசுபிசுத்துக்கொண்டேதான் கிடக்கும். ஜெனகை மாரியம்மன் கோவில் வைகாசித் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் உள்ளே நுழையும்போது பக்கவாட்டில் நண்டு நடை நடந்தார்கள். தெருப் புழுதி முழுக்க அந்தக் கதவில்தான் குடியிருக்கிறது.

நேற்று மாமா யாரிடமோ பேசிக்கொண்டே, பழக்க தோஷத்தில் கதவில் சாய்ந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. பிய்த்துக்கொண்டு திரும்பியபோது முதுகில் கதவின் சட்டம் அப்படியே அச்சாகியிருந்தது. "மாப்ள, தின்னர் ஏதும் வச்சிருக்கியா?" என்றார். வைத்திருக்கிறேன் மாமா, துடைக்கத்தான் வைத்திருந்தேன். சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் மறுபடி முதலில் இருந்து சுரண்ட வேண்டும்.

சரி, அது கிடக்கட்டும். இந்தப் பரோட்டாக் கடைகளில் சால்னா பாக்கெட்டைக் கட்டுகிறார்களே, அந்த நூலின் முனை எங்கே இருக்கிறது என்று எவராவது கண்டுபிடித்திருக்கிறீர்களா? தண்ணீர் போகாத அளவுக்குப் பதினெட்டுச் சுற்று! அத்தனை அக்கறையில் கால்வாசி அந்தப் பெயிண்டருக்கு இருந்திருக்கலாம். பல்லால் கடித்து இழுத்ததில் சால்னா முழுக்கச் சட்டையில். அதுவும் சாக்லேட் கலர்தான்.