அடியில் மேயும் மீனுக்கு மணல்தான் வேண்டும், கலர் கல் அல்ல

நம்ம டெல்டா ஊர்களில் வீட்டில் மீன் தொட்டி வைப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சந்தோஷம். ஆனால் கோரி கெளுத்தியை ஆசையாக வாங்கிக்கொண்டு போய், நீலமும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிய சல்லிக் கல் மேல் விடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அந்தக் கல் நம் கண்ணுக்காகப் போடுவது. அந்த மீனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

கோரி தென் அமெரிக்க ஆறுகளின் மீன். இரண்டு, இரண்டரை அங்குலம்தான் வளரும். செதிலுக்குப் பதிலாக உடம்பின் இரண்டு பக்கமும் எலும்புத் தகடுகள். வாயைச் சுற்றிச் சின்னச் சின்ன மீசைகள். அந்த மீசைதான் அதற்குக் கை, மூக்கு, நாக்கு எல்லாம். மணல் போட்ட தொட்டியில் அது மேய்வதை ஒரு தடவை கிட்டே உட்கார்ந்து பாருங்கள். மூஞ்சியைக் கண் வரைக்கும் மணலுக்குள் புதைக்கும். வாய் நிறைய மணலை அள்ளும். உள்ளே இருக்கிற புழு, தீவனத் துணுக்கை மட்டும் வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாகப் பொலபொலவென்று வெளியே விடும். நாள் முழுக்க இதேதான் அதன் பிழைப்பு. கல் போட்ட தொட்டியில் இதில் எதையுமே அதனால் செய்ய முடியாது. கல்லை அள்ளவும் முடியாது, சலிக்கவும் முடியாது.

நம்ம வாய்க்கால் அயிரையும் இதே ஜாதிப் பழக்கம் உள்ளதுதான். அதுவும் மணலைச் சலித்துத்தான் தின்னும், பயந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். அயிரையைக் கப்பிச் சல்லியில் போட்டு வளர்க்க நமக்கு யாருக்கும் தோன்றாது. கடல் தாண்டி வந்த மீன் என்பதால் கோரிக்கு மட்டும் வேறு நியாயம் கிடையாது.

கல்லின் கூர் மீசையைத் தேய்க்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதைவிடப் பெரிய கேடு கல் இடுக்கில் இருக்கிறது. போடுகிற தீவனத்தில் பாதி இடுக்கில் இறங்கி அங்கேயே அழுகும். மேலே பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருக்கும், கீழே சாக்கடை. அந்த அழுக்கில்தான் மீனின் வாய் நாள் முழுக்கக் கிடக்கிறது. பாக்டீரியா பிடித்து மீசை அரித்துப்போவது இப்படித்தான். மணல் போட்டால் அழுக்கு தெரிகிறதே என்று குறை சொல்கிறார்கள். தெரியட்டும், அதுதானே நல்லது! மேலேயே கிடக்கும் அழுக்கை ட்யூபை ஒரு அங்குலம் உயரத்தில் பிடித்து உறிஞ்சி எடுத்துவிடலாம்.

எந்த மணல் என்பதில்தான் கவனம் வேண்டும். இப்போது கட்டுமான இடங்களில் பெரும்பாலும் கிடப்பது எம்-சாண்ட். அது பாறையை உடைத்து அரைத்தது, ஒவ்வொரு துணுக்குக்கும் முனை இருக்கும். கோரிக்கு அது ஆகவே ஆகாது. ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு வந்தது, முனை மழுங்கியிருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். குத்தினால் வேண்டாம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் இருப்பவர்கள் கடற்கரை மணலை அள்ளி வருகிறார்கள். அதிலும் உப்பு, கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். கிளிஞ்சல் தண்ணீரின் கடினத்தைக் கூட்டும். ஏற்கெனவே அங்கே போர் தண்ணீர் அப்படித்தான். மணலில் நாலு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்று தெரிந்துவிடும், நுரைத்தால் தொட்டிக்குப் போடக்கூடாது.

அதற்காகச் சாக்கை எடுத்துக்கொண்டு கொள்ளிடத்தில் இறங்காதீர்கள். அந்த ஆறு இழந்த மணல் போதும். இரண்டடிக்கு ஒரு அடி தொட்டிக்கு ஒரு அங்குல உயரம் போட ஏழெட்டு கிலோ மணல் இருந்தாலே போதும். பழைய வீட்டு வேலையில் மிஞ்சிய ஆற்று மணல் எந்தத் தெருவிலும் யாரிடமாவது ஒரு மூலையில் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். மாவு சலிக்கிற மாதிரி சலித்து, வாளியில் கொட்டி, கையை விட்டுக் கிளறிக் கிளறிக் கழுவுங்கள். நம்ம ஆற்று மணலில் வண்டல் ஒட்டியிருக்கும், சுலபத்தில் விடாது. ஊற்றுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். காக்காப்பொன் மினுக்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஒன்றும் செய்யாது.

ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள். ஆழமாகப் போட்டால் அடியில் காற்றே போகாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். ஃபில்டரின் வாய் மணலிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் மோட்டார் மணலை இழுத்துத் தேய்ந்துவிடும்.

இன்னொன்று. "டேங்க் கிளீனர்" என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். கோரி மற்ற மீனின் கழிவைத் தின்னாது. மூழ்கும் தீவனம் அதற்கென்று தனியாகப் போட வேண்டும், விளக்கை அணைத்த பிறகு போட்டால் மற்ற மீன் பிடுங்காது. ஒன்றிரண்டு வாங்கினால் பயந்து மூலையில் ஒடுங்கும். குறைந்தது ஆறு மீனாவது வேண்டும். "டேங்க் கிளீனர்" என்றே விற்கும் சக்கர் மீன் வேறு. அது ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் தயவுசெய்து வெண்ணாற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது.

நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு பாண்டா கோரி தாங்காது. வெண்கல நிறத்தில் இருக்கும் பிரான்ஸ் (bronze) கோரி, அதன் வெள்ளை ரகம், ஸ்டெர்பாய் கோரி ஆகியவை ஓரளவு சூடு தாங்கும். அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று குடிப்பது கோரியின் இயல்பு. ஓயாமல் அப்படியே செய்தால்தான் தண்ணீரைக் கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே கல் போட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவிக் கொட்டாதீர்கள். ஃபில்டர் பஞ்சைத் தொடாமல் விட்டு, கல்லைப் பகுதி பகுதியாக எடுத்து மணலைப் போடுங்கள். மீனை வலையில் பிடிக்காமல் டம்ளரில் பிடியுங்கள், துடுப்பு முள் வலையில் மாட்டும். மீசை அடியோடு போகாமல் இருந்தால், சுத்தமான மணலில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வளரும்.